கொல்லைப் பொம்மைக்குப் போட்ட ஆரஞ்சுச் சட்டை

மார்கழியில் மல்லாட்டை விதைத்த மறுநாளே மயில்கள் இறங்கிவிட்டன. வரிசை பிடித்துக் கிளறி, முளைக்க வேண்டிய பருப்பை எல்லாம் தின்றுவிட்டுப் போகும். விரட்ட ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. பரணில் கிடந்த பழைய துணி மூட்டையைப் பிரித்து, கைக்குக் கிடைத்த ஒரு ஆரஞ்சுச் சட்டையை மாட்டி, தலைக்குச் சட்டியைக் கவிழ்த்து, கொல்லை நடுவில் ஒரு பொம்மை நட்டேன்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். உப்பளம் பார்க்கணும்னு ஆசை அவருக்கு. ஜனவரியில் உப்பளத்தில் என்ன இருக்கும்? பாத்தி மிதிச்சுச் செப்பனிடுற வேலைதான் நடக்கும், உப்பு வெள்ளையாகக் குவிந்து கிடப்பதைப் பார்க்கணும்னா சித்திரைக்கு வரணும். சரி, கொல்லையைப் பாருங்கன்னு கூட்டிப் போனேன். பொம்மையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன சார், ஏதோ ஃபுட்பால் ஜெர்சி மாதிரி இருக்கு. சென்னையின் எஃப்.சி.யா?"

சென்னையின் எஃப்.சி. நீலம், இது சென்னை சிட்டி என்றேன். அப்படி ஒரு டீம் இருந்ததா என்று கேட்டார். பிறந்ததிலிருந்து சென்னையிலேயே இருக்கிறவர், டி.வி.யில் இங்கிலாந்து லீக் ஆட்டம் ஒன்றுவிடாமல் பார்க்கிறவர். அவர் ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஒரு அணி ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்தியாவின் லீக் பட்டத்தை ஜெயித்தது அவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அந்த டீம் கதையே அதுதான். அதனால் இந்த வாரம் விவசாயம் இல்லை, கால்பந்து.

எங்கள் பக்கம் கிரிக்கெட்டுக்கு இருக்கும் மவுசு எல்லா ஊரையும் போலத்தான். ஆனால் மரக்காணத்திலிருந்து தெற்கே போனால் புதுச்சேரி, பிரெஞ்சுக்காரன் இருந்த ஊர், அங்கே பந்தாட்டம் பழசு. கரையோரக் குப்பங்களில் எப்போதும் பந்து உதைக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். கோடையில் கழுவெளி ஏரி வற்றிவிட்டால் மைதானத்துக்குப் பஞ்சமே இல்லை. கண்ணுக்கெட்டின தூரம் சமதரை. ரெண்டு பக்கமும் சவுக்குக் கழி நட்டால் கோல். விழுந்தால் மட்டும் முழங்காலில் உப்புப் பட்டு எரியும். என் அக்கா மகன் அங்கேதான் விளையாடப் பழகினான்.

இனி அந்த டீமுக்கு வருகிறேன். சென்னை சிட்டி திடீரென முளைத்ததில்லை. அதன் வேர் 1946-ல் தொடங்கிய நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப். சென்னை லீக்கில் ஆடி வந்த எத்தனையோ கிளப்புகளில் ஒன்று. அதைத்தான் ரோஹித் ரமேஷ் என்பவர் கையிலெடுத்து, பெயர் மாற்றி, பெரிதாக்க நினைத்தார். 2016 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அதை ஐ-லீக்கில் நேரடியாகச் சேர்த்தது. அதற்கு முன்னால் இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கில் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு, ரொம்ப வருஷம் கழிச்சுத் தமிழ்நாட்டுப் பெயர் மறுபடி பட்டியலில் ஏறின சந்தோஷம்.

அந்தச் சமயத்தில் இந்தியக் கால்பந்து எப்படி இருந்தது என்று ஒரு வரி சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. 2010-ல் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 வருஷத்துக்கு ரிலையன்ஸ்–ஐஎம்ஜி கூட்டுக்குக் கொடுத்திருந்தது. அதிலிருந்து 2014-ல் வந்ததுதான் ஐஎஸ்எல். சினிமா நட்சத்திரம், கிரிக்கெட் வீரர், டி.வி. விளம்பரம் எல்லாம் அந்தப் பக்கம். ஐ-லீக் என்பது பழைய லீக். முறைப்படி நாட்டின் முதல்நிலை லீக் அதுதான், ஆனால் வெளிச்சம் இல்லை. ஒரே வீட்டில் ரெண்டு அடுப்பு எரிகிற மாதிரி.

வெளிச்சம் போன பிறகு ஐ-லீக்கில் ஒரு வேடிக்கை நடந்தது. 2016-17-ல் ஐஸால் ஜெயித்தது, மிசோரத்தின் மலைநகரத்து டீம். முந்தின வருஷம் கீழே இறக்கப்பட்டு, பிறகு கூட்டமைப்பு தயவில் திரும்ப வந்த அணி அது. 2017-18-ல் பஞ்சாபின் மினர்வா. 2018-19-ல் சென்னை சிட்டி. கொல்கத்தாவின் ரெண்டு பெரிய கிளப்புகளும் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று வருஷம் மூன்று சின்ன டீம்கள்.

முதல் ரெண்டு சீசனும் சென்னை சிட்டிக்குச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, பட்டியலின் அடிப்பக்கம்தான். ரெண்டாவது சீசனில் சென்னையை விட்டுக் கோவை நேரு ஸ்டேடியத்துக்குக் குடி போனார்கள். அந்தச் சீசனில் ஒரு நல்ல நாள் உண்டு. 2018 ஜனவரி 2, கொல்கத்தாவிலேயே மோகன் பகானை 2–1 என்று வீழ்த்தினார்கள். மோகன் பகான் பயிற்சியாளர் சஞ்சய் சென் அன்றைக்கே பதவி விலகினார். அப்போது சென்னை சிட்டியில் ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரிக் கரையில் இரவிபுத்தன்துறைக்காரர். மீனவர் கிராமம். எங்க ஊர்ப் பையன்கள் பிடித்துக்கொண்டது அந்தப் பெயரைத்தான். கடற்கரை மணலில் ஓடிப் பழகினவன் கொல்கத்தாவில் போய் ஆடுறான்னா நாம ஏன் ஆடக்கூடாது? அக்கா மகன் கேட்ட கேள்வி இது. அப்போது அவனுக்கு வயது 15.

2018-ல் அக்பர் நவாஸ் என்ற சிங்கப்பூர்க்காரர் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த, நமக்குப் பேர்கூடத் தெரியாத ஆட்களைக் கூட்டி வந்தார். பெத்ரோ மான்சி, நெஸ்தோர் கோர்தில்யோ, சாந்த்ரோ, எஸ்லாவா. கூடவே தமிழ்நாட்டு ஆட்கள்: எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், இன்னும் சிலர். பந்தைத் தூக்கி அடிக்காமல் தரையிலேயே கடத்திக்கொண்டு போகிற ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே மான்சி ஹாட்ரிக். சீசன் முடியும்போது அவர் கணக்கு 21 கோல்.

கடைசி நாள் 2019 மார்ச் 9, சனிக்கிழமை. சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. கோவையில் சென்னை சிட்டியும் மினர்வாவும், கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலமும், ரெண்டும் ஒரே நேரத்தில். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்க சொந்தக்காரப் பையன் வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அக்கா மகன் ரெண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு முந்தின ராத்திரியே பஸ் ஏறிவிட்டான். பஸ்ஸுக்குக் காசு நான்தான் கொடுத்தேன். அக்காவுக்குத் தெரியாது.

நான் இங்கே மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, போன். "மாமா, கோல் போட்டுட்டான். அவன் போட்டுட்டான்." மினர்வாவின் பிலாலா மூன்றாவது நிமிஷத்திலேயே அடித்துவிட்டார். பாதி ஆட்டம் வரை அதே கணக்கு. பிறகு போன் வரவில்லை. கூலிக்காரர்களுக்குக் காசு எண்ணிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், மனசு கோயமுத்தூரில். மறுபடி போன்: பெனால்டி, மான்சி சமன் செய்துவிட்டார். அடுத்து கௌரவ் போரா ஒன்று, 2–1. அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் கடைசிக் கட்டத்தில் ரெண்டு கோல் அடித்து முன்னே வந்துவிட்டது. இப்போது கணக்கு என்னவென்றால், மினர்வா இன்னொரு கோல் அடித்தால் போதும், பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். கூடுதல் நேரத்தில் போராவே இன்னொன்று அடித்தார். 3–1. போனில் வார்த்தை எதுவும் கேட்கவில்லை, வெறும் இரைச்சல். சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42.

அந்த ஆரஞ்சுச் சட்டை அன்றைக்குக் கோவையிலிருந்து வந்தது.

அடுத்த சில வாரத்தில் சூப்பர் கோப்பையில் பெங்களூரு எஃப்.சி.யையும் தோற்கடித்தார்கள். பெங்களூரு அந்த வருஷத்து ஐஎஸ்எல் சாம்பியன். அதாவது, களத்தில் நேருக்கு நேர் நின்றபோது பழைய லீக்கின் சின்ன டீம் புதிய லீக்கின் பெரிய டீமை ஜெயித்தது. அதே வருஷத் தொடக்கத்தில்தான் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. இதைவிட நல்ல காலம் வருமா என்று யாருக்கும் தோன்றும்.

வந்தது வேறு. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு ஐஎஸ்எல் நாட்டின் முதல் லீக் ஆனது. ஐ-லீக் அதற்குக் கீழே. ஐ-லீக்கை ஜெயித்தால் மேலே ஏறலாம் என்ற வழி 2022-23 சீசனில்தான் திறந்தது. சென்னை சிட்டி ஜெயித்தபோது ஏணியில் உச்சியில் நின்றது, ஏழு மாதத்தில் அதே படி நடுப்படி ஆகிவிட்டது, மேலே படியே இல்லை. சாம்பியனாக அதற்குக் கிடைத்த ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டம் 2020 ஜனவரியில் நடந்தது. பஹ்ரைனின் ரிஃபா அணியோடு, 0–1 தோல்வி. அது சென்னை சிட்டியின் சொந்த மைதான ஆட்டம் என்று கணக்கு, நடந்தது அகமதாபாத்தில். அந்த மாதமே மான்சி ஜப்பானுக்குப் போனார். மார்ச்சில் கொரோனா வந்து லீக் பாதியில் நின்றது.

2020-21 சீசன் முழுவதும் வங்காளத்தில் பூட்டிய மைதானங்களில் நடந்தது. தமிழ்நாட்டில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் சென்னை சிட்டி அந்த சீசனை முடித்தது. 2021-ல் பாசல் கிளப்பிலும் நிர்வாகம் கை மாறியது. அடுத்த சீசன் பட்டியல் வந்தபோது சென்னை சிட்டி அதில் இல்லை. கிளப் உரிமத்துக்கான நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்பது காரணம். பட்டம் வென்று மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

எல்லாப் பழியையும் ஐஎஸ்எல் தலையில் போட்டுவிடலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் ஐஸாலுக்கும் அதே லீக்தான், அதே இறக்கம்தான், அது நின்றது. மினர்வா கை மாறி, பெயர் மாறி, 2023-ல் ஐஎஸ்எல்லுக்கே ஏறியது. சென்னை சிட்டிக்கு என்ன குறை என்றால், பேர் சென்னை, வீடு கோவை. சென்னைக்காரன் சென்னையின் எஃப்.சி.யைப் பார்த்தான், கோவைக்காரன் நல்ல ஆட்டம் பார்க்க வந்தான், ஆனால் பெயரில் அவன் ஊர் இல்லை. கிளப் மூடுகிறபோது "எங்க டீமை என்னடா பண்றீங்க"ன்னு தெருவில் இறங்கிக் கேட்க ஒரு ஊர் இல்லாமல் போய்விட்டது. எங்க ஊரில் பொங்கல் டோர்னமென்ட்டுக்கு வசூல் குறைந்தாலே பெரிய சண்டை வரும். அந்தச் சண்டை போட அவர்களுக்கு ஆள் இல்லை.

ஆட்டக்காரர்கள் பிழைத்தார்கள். எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கும், ரொமாரியோ கோவாவுக்கும் போனார்கள். முன்னால் சென்னை சிட்டியில் ஆடிய நந்தகுமார், 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தார். மேலே ஏறிவிட்டவர்களுக்குப் பாதை இருந்தது.

ஏறாதவர்களுக்கு? அக்கா மகன் 2019 ஜூனில் சென்னைக்குப் போனான். லீக்கின் கீழ்ப் பிரிவில் ஒரு கிளப்பில் சேர்த்துக்கொண்டார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம். அந்த வருஷ மல்லாட்டைக் காசில் பாதி அவன் ஷூவுக்கும் சாப்பாட்டுக்கும் போனது. ஒரு வருஷம் ஆடினால் ஐ-லீக் ஆட்கள் பார்ப்பார்கள், அங்கிருந்து கோவை, இதுதான் அவன் போட்ட கணக்கு. நானும் நம்பினேன். ஒன்பது மாதத்தில் ஊரடங்கு. ஊர் திரும்பினான். திரும்பிப் போகலாம் என்று இருந்தபோது, போய்ச் சேர வேண்டிய டீமே இல்லை. படிப்பும் நடுவில் நின்றது. அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இப்போது அவன் உப்பு லாரியில் போகிறான். சீசன் இல்லாத மாதங்களில் என்னோடு கொல்லையில். கோடையில் சாயங்காலம் கழுவெளியில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பான்.

நண்பர் சென்னைக்குக் கிளம்பின அன்று அவன் கொல்லைப் பக்கம் வந்தான். பொம்மையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "இத யாரு மாமா எடுத்தது?" என்றான். நான்தான் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி, உதறி, தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் போடப் போய்விட்டான்.

பொம்மைக்கு இப்போது அம்மாவின் பழைய புடவையைச் சுற்றி வைத்திருக்கிறேன். மயில் அதற்கும் பயப்படவில்லை.