போர்க்களம் காணாத தளபதி

வீரத்தைப் போற்றாத நாடு இல்லை. போற்றப்படும் பொருள் எதற்கும் போலி தோன்றுவது உலக இயல்பு. பொன்னைப் போலவே வீரத்திற்கும் போலி உண்டு. போர்முனையையே காணாத ஒருவர் தம்மைப் போர்வீரர் என்று சொல்லிக் கொள்வது ஏன்?

1959 டிசம்பர் 19 அன்று, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வால்டர் வில்லியம்ஸ் என்னும் முதியவர் காலமானார். வயது 117 என்றனர். அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்கள் 1861 முதல் 1865 வரை நடத்திய உள்நாட்டுப் போரில் பங்கேற்று, இறுதிவரை எஞ்சியிருந்த வீரர் அவரே என்று நாடு நம்பியது. தளபதி என்னும் மதிப்புப் பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. குடியரசுத் தலைவர் ஐசனோவர் துக்கம் அறிவித்தார்.

ஆனால், 1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அவர் ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுவர்! அவர் படையில் சேர்ந்ததற்குச் சான்று ஏதும் இல்லை. இவ்வுண்மையைச் செய்தியாளர் ஒருவர் அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே வெளியிட்டார். ஆயினும் மரியாதைகள் குறையவில்லை.

1932இல், பொருளாதார மந்தம் மக்களை வாட்டிய வேளையில், ஓய்வூதியம் கேட்டு அவர் விண்ணப்பித்தார். படைக்கு உணவு திரட்டியதாகவே சொல்லிக் கொண்டார். வறுமை அவரைத் தூண்டியிருக்கலாம். உணவு திரட்டியவரைத் தளபதியாக உயர்த்தியது யார்? போரின் நூற்றாண்டு நெருங்க, கடைசி வீரர் ஒருவரைத் தேடித் தவித்த சமுதாயம் அல்லவா?

வறுமை இல்லாத இடத்திலும் இப்பொய் முளைக்கிறது. 2007இல் கலிபோர்னியாவில், குடிநீர் வாரிய உறுப்பினரான சேவியர் அல்வரெஸ், நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் தமக்குக் கிடைத்ததாகக் கூட்டமொன்றில் கூறினார். அவர் படையில் பணியாற்றியவரே அல்லர். அத்தகைய பொய்யைக் குற்றமாக்கிய சட்டம் பேச்சுரிமைக்கு முரணானது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் நாடியது பணத்தை அன்று. பிறர் கண்களில் மின்னும் மதிப்பையே.

இப்பொய்யால் யாருக்கு இழப்பு? தென்படையின் கடைசி வீரர் என்று ஆய்வாளர் பொதுவாக ஏற்கும் பிளசன்ட் கிரம்ப், 1951 டிசம்பர் 31 அன்று அலபாமாவில் இறந்தார். அவரே கடைசி வீரர் என்பதை அன்று நாடு அறியவில்லை. அவருக்குரிய இடத்தில் மற்றவர்கள் அமர்ந்திருந்தார்கள். வடபடையின் கடைசி வீரரான ஆல்பர்ட் உல்சனோ 1956இல் மறைந்தார். அவர் முரசு கொட்டும் சிறுவராகச் சேர்ந்தவர்; போர்க்களத்தைக் கண்டவர் அல்லர். எனினும், பதிவேட்டில் நிலைத்த அவருடைய எளிய முரசொலி, கற்பனைத் தளபதியின் பட்டத்தினும் மேலானது.

பொய் வீரனைப் பழிப்பது எளிது. அவனுக்கு மாலை தொடுத்தவர்கள் நாமே என்பதை உணர்வதே அரிது. உரக்கப் பேசுவோரை மட்டுமே வீரராக எண்ணும் வரை, ஓசையின்றிக் கடமையாற்றி மறைவோரை நாம் இழந்து கொண்டே இருப்போம்.