ஓட்டை அடைத்தவர் கண்ட கனவு

ஜான் பன்யனுக்குத் தொழில், ஓட்டைப் பாத்திரம் அடைப்பது. ஊர், இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பக்கத்தில் எல்ஸ்டோ. பெரிய படிப்பெல்லாம் இல்லை. தொழிலோடு கூடவே பிரசங்கமும் செய்வார். வம்பு அதில்தான் வந்தது.

1660. இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பிய வருஷம். அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே கூட்டம் கூட்டிப் பிரசங்கம் செய்வது குற்றம். நவம்பரில் ஒரு பண்ணை வீட்டில் பேசப் போன பன்யனைப் பிடித்துவிட்டார்கள். தண்டனை மூன்று மாதம். இனிமேல் பிரசங்கம் செய்யமாட்டேன் என்று சொன்னால் விடுதலை.

அவர் சொல்லவில்லை. மூன்று மாதம், பன்னிரண்டு வருஷம் ஆனது.

வீட்டு நிலைமையைக் கேளுங்கள். முதல் மனைவி இறந்துபோயிருந்தார். இரண்டாவது மனைவி எலிசபெத் கர்ப்பிணி. கைதான செய்தி கேட்ட அதிர்ச்சியில் குறைப்பிரசவம்; குழந்தை பிழைக்கவில்லை. மூத்த தாரத்துப் பிள்ளைகள் நான்கு பேர். அதில் மேரிக்குக் கண் தெரியாது. 1661-ல் எலிசபெத் நீதிபதிகள் முன்னால் போய் நின்றார். உன் புருஷன் பிரசங்கத்தை விட்டுவிடுவாரா என்று கேட்டார்கள். வாயில் பேச்சு இருக்கிறவரை விடமாட்டார் என்றார் அந்த அம்மாள்!

பி.காம். படித்த புத்தி, சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள் என்றுதான் முதலில் கேட்கிறது. பன்யன் சிறையில் உட்கார்ந்து, முனையில் தகடு வைத்த நாடாக்கள் செய்து விற்றார். மிச்சம், நல்ல மனசுக்காரர்கள் போட்டது. கண் தெரியாத மகளை நினைத்து உடைந்துபோனதை 1666-ல் வந்த சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தச் சிறையில்தான் அவர் ஒரு கதையை ஆரம்பித்தார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வேறொரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தபோது கதை தானாக வந்து ஒட்டிக்கொண்டதாம். முதுகில் மூட்டையோடு ஒருவன் அழியப்போகிற நகரத்தைவிட்டு ஓடுகிறான். வழியில் சேறு, சந்தை, அவநம்பிக்கை என்கிற ராட்சசன். ராட்சசன் அவனைப் பிடித்து நிலவறையில் பூட்டுகிறான். நாலு நாள் கழித்துத்தான், சாவி தன் சட்டைக்குள்ளேயே இருப்பது அவனுக்கு ஞாபகம் வருகிறது!

எழுதியவரிடமும் ஒரு சாவி இருந்ததே, கவனித்தீர்களா? அது வேறு சாவி. 'சரி' என்கிற ஒரு சொல். அதை அவர் பன்னிரண்டு வருஷமும் எடுக்கவே இல்லை.

1672-ல் விடுதலை. ஆனால் கதையை அச்சிடுவதில் புதுச் சிக்கல். சினேகிதர்களே இரண்டு கட்சி. போடு என்றார்கள் சிலர்; கூடாது என்றார்கள் சிலர். காரணம் இருந்தது. அவர் சார்ந்த பியூரிட்டன் கூட்டத்துக்குக் கற்பனை என்றாலே சந்தேகம். நடக்காததை நடந்ததாகச் சொன்னால் அதற்குப் பெயர் பொய்தானே? ஒரு பொய்க்கு ஒப்புக்கொள்ளாமல் ஜெயிலில் கிடந்தவரிடம் இந்தக் கேள்வி! புத்தகத்தின் முன்னுரைச் செய்யுளில் பன்யன் பதில் சொன்னார்: வேதத்தில் உவமை இல்லையா, இயேசுவே கதை சொல்லித்தானே போதித்தார்? தூண்டிலுக்கும் வலைக்கும் சிக்காத மீன்களும் உண்டே? முழுக் கதையையும் தான் கண்ட கனவு என்று சொல்லிவிட்டார். கெட்டிக்காரர்.

1678-ல் லண்டனில் புத்தகம் வந்தது. 1688-ல் அவர் சாவதற்குள் பதினோரு பதிப்பு. பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகள்.

தமிழுக்கும் வந்தது. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-ல் கிறிஸ்தவரான எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை, இந்தக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். 1894-ல் அச்சானது. மூவாயிரத்து எழுநூறு பாட்டுக்குமேல், கம்பன் நடையில்.