நாரை போட்ட உரம்

வேடந்தாங்கல் ஏரித் தண்ணீரைக் குடத்தில் மொண்டுவந்துதான் பாட்டி கொல்லைக் கத்தரிக்கு ஊற்றுவாள். "நாரை எச்சம் கரைஞ்ச தண்ணிடா, தனியா எரு எதுக்கு?" என்பாள்.

இந்தக் கணக்கு ஊருக்குப் பழையது. நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாராவின் எச்சம் ஏரியில் கலக்கும். அந்தத் தண்ணீர் பாய்ந்து கீழே வயலில் நெல் செழிக்கும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்பு உத்தரவு எழுதி வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். வெறும் பாசம் என்று நான் சொல்லமாட்டேன், வயிறும் சேர்ந்துதான். சரணாலயம் என்ற அரசு அங்கீகாரம் 1936-ல்தான் வந்தது.

பைனாகுலரோடு போகிறவர்கள் கரைக்குக் கீழே இருக்கும் வயலையும் ஒருமுறை பாருங்கள்.