ஆலப்புழை தந்த ஆய்வாளர்

நூலொன்றைப் போற்றுதல் எளிது. தூற்றுதல் அதனினும் எளிது. நிறுத்துப் பார்த்து மதிப்பிடுதலே அரிது. சென்ற ஆண்டு நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை வேண்டினார். பாதி படித்தோம், முழுதும் புகழ்ந்தோம். சின்னாட் கழித்து அவரே வந்து, "ஐயா, நான் தவறிய இடத்தை ஒருவரும் சொல்லவில்லையே" என்று வருந்தினார். நாணினோம். அந்நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நூலை அவையில் ஆராய்ந்து ஏற்பது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது எனப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. கேட்டோர் கடா எழுப்புவதும், நூலாசிரியர் விடை கூறுவதும் அரங்கேற்ற மரபு.

அம்மரபைப் புதிய முறையில் வளர்த்த பெரியார் ஒருவர் நமக்கு அயலவர் அல்லர். இடக்கொச்சியினின்றும் அரூர் வழியே தெற்கே சென்றால் வரும் ஆலப்புழையில் 1855-இல் பிறந்தவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் பயிற்றியவர். 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தால் அவரை யாவரும் அறிவர். அவரது ஆய்வுத் திறனை அறிந்தோர் சிலரே.

அக்காலத்தில் கால்டுவெலாரின் சொல்லுக்கு மறுசொல் அரிது. 1856-இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட பேரறிஞர் அவர். அவர் திருஞானசம்பந்தர் காலத்துப் பாண்டியனை, 1292-ஐ ஒட்டி மார்க்கோ போலோ குறிப்பிட்ட சுந்தர பாண்டியனாகக் கொண்டார். அவ்வாறாயின் தேவாரம் பதின்மூன்றாம் நூற்றாண்டு நூலாகிவிடும். சுந்தரம் பிள்ளை 1895-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு நூலில், தமிழ் இலக்கிய வரலாற்றின் மைல்கற்களை வரிசைப்படுத்தி, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் என நிறுவினார்.

அம்முடிவின் வலிமையை நாமே சரிபார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட நாற்பத்தெட்டுப் பேரையும், உடன் முழக்க இருவரையும் இராசராசன் அமர்த்தியதைக் கல்வெட்டுச் சொல்கிறது. அவன் ஆட்சி 1014-இல் முடிந்தது. 1292-இல் வாழ்ந்தவர் பாடல் அதற்கு இருநூற்றெழுபது ஆண்டு முன்னரே கோயிலில் ஒலித்தல் கூடுமோ? மேலும், சம்பந்தரைச் சுந்தரர் திருத்தொண்டத் தொகையிற் பாடியுள்ளார்; அதனை விரித்துப் பாடியவர் நம்பியாண்டார் நம்பி. முன்னவர் யார், பின்னவர் யார் என்பது இவ்வாறு படிப்படியாகத் துலங்குகிறது.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. கால்டுவெலாரின் ஒரு முடிவு பிழைபட்டதால் அவர் தொண்டு குன்றிவிடவில்லை. இன்றும் அவர் நூலைக் கற்கிறோம். பிழையைச் சான்று காட்டித் திருத்துவது பகையன்று. அறிவுக்குச் செய்யும் மரியாதை. சுந்தரம் பிள்ளை 1897-இல், நாற்பத்திரண்டு வயதிலேயே மறைந்தார். அவர் காட்டிய நெறி நின்றது.

புகைவண்டி நிலையத்தில் சரக்கை நிறுக்கும்போது அனுப்புவோர் முகத்தை நாம் பார்ப்பதில்லை, முள்ளைத்தான் பார்க்கிறோம். நூலை நிறுக்கும்போது மட்டும் முகம் பார்ப்பதேன்? நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் கற்று, வீட்டில் தமிழ் பேசி, சங்கத்தில் தமிழ் எழுதுகிறார்கள். அவர்கள் எழுத்தை முழுதும் படித்து, நிறையை முதலிலும் குறையைப் பின்னும் காரணத்தோடு சொல்ல நாமன்றி இங்கு யாருளர்?

அவ்விளைஞரின் தொகுதியை இப்போது முழுதும் படித்து முடித்துவிட்டோம். குறித்த தாள்களுடன் ஆண்டு விழாவன்று அவரைக் காண்போம்.