உபுண்டு அப்டேட்டுக்குப் பிறகு கருப்புத் திரையா? ஃபார்மேட் செய்யும் முன் இதைப் பாருங்க!

உபுண்டுவைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் டெஸ்க்டாப் வரவில்லையா? பதறிப்போய் ஃபார்மேட் அடிச்சிடாதீங்க. பெரும்பாலும் போட்டோ, ஃபைல் எல்லாம் டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும்.

முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 கீ மூன்றையும் சேர்த்து அழுத்துங்க. வெறும் எழுத்தாக லாகின் கேட்டால் சிஸ்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; திரையைக் காட்டும் பகுதிதான் படுத்துவிட்டது. என்விடியா கார்டு உள்ள கணினிகளில், புதிய கெர்னலோடு டிரைவர் ஒத்துப்போகாமல் இப்படி ஆவதுண்டு. ரீஸ்டார்ட் செய்து, கம்பெனி லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் கீயை ஒரே ஒரு தடவை தட்டுங்க (பழைய கணினி என்றால் ஷிஃப்ட்). வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் பழைய கெர்னலைத் தேர்வு செய்து பாருங்க.

பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் லாகின் திரைக்கே திரும்புகிறதா? டிஸ்க் நிரம்பியிருக்கலாம். அதே மெனுவின் ரெக்கவரி மோடில் உள்ள 'க்ளீன்' இடத்தைக் காலி செய்யப் பார்க்கும். அப்டேட் பாதியில் நின்றிருந்தால் 'டிபிகேஜி' கைகொடுக்கும். அதற்கு இன்டர்நெட் தேவைப்படலாம்.