கிண்ணமும் நிருவாகியும்

இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கக் கிண்ணப் போட்டி 1871ஆம் ஆண்டு தொடங்கியது. அந்நாளில் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் கழகத்தின் குழுவினரிடமே இருந்தது. கிளாஸ்கோவில் பிறந்த ஜார்ஜ் ராம்சே 1884 முதல் 1926 வரை அஸ்டன் வில்லாவின் செயலாளர். அவர் காலத்தில் அக்கழகம் 1887, 1895, 1897, 1905, 1913, 1920 என ஆறு முறை கிண்ணம் பெற்றது. பின்வந்த ஹெர்பர்ட் சாப்மன், ஆட்டக்காரரைத் தேரும் பொறுப்பு நிருவாகிக்கே உரியதென நிலைநாட்டினார். 1922இல் ஹடர்ஸ்ஃபீல்டுக்குக் கிண்ணம் ஈட்டியவர், 1930இல் ஆர்சனலை நடத்தி அதே ஹடர்ஸ்ஃபீல்டை வென்றார்.

2017இல் ஆர்சென் வெங்கர் ஏழாம் முறை வென்று ராம்சேயை முந்தினார் என்பர். எண்ணிக்கையளவில் அது சரியே. ஆயினும் இருவர் ஏற்ற பதவியும் ஒன்றாகுமா? வெற்றியைக் கணக்கிடுவோர், அன்று செயலாளருக்கிருந்த அதிகாரத்தின் எல்லையையும் உடன் குறித்தல் வேண்டும், அதுவே வரலாறு.