மேடையேறிய தியடோரா

ஐரோப்பிய இசைமரபிலே ‘ஒரட்டோரியோ’ என வழங்கும் வடிவம் ஒன்றுண்டு. வேதாகமக் கதையையோ அடியார் சரிதையையோ பொருளாகக் கொண்டு, தனிப்பாடகரும் பாடற்குழுவினரும் வாத்தியக் குழுவினருடன் சேர்ந்து பாடுவது அது. கதை உண்டு, பாத்திரங்கள் உண்டு, உரையாடலும் உண்டு. ஆயின் வேடமில்லை, அபிநயமில்லை. காட்சி முழுவதும் கேட்போர் உள்ளத்திலேயே நிகழும். வானொலி நாடகம் கேட்டுப் பழகிய நேயர்களுக்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். இத்தகைய ஆக்கமொன்றைப் பிற்காலத்தார் நாடகமாக நடித்துக் காட்டுதல் தகுமா என்னும் வினாவுக்கு ஹாண்டெலின் ‘தியடோரா’ சிறந்த உரைகல்லாகும்.

ஜெர்மனியில் 1685இல் பிறந்து இலண்டனிலே புகழெய்தியவர் ஜோர்ஜ் பிரெடெரிக் ஹாண்டெல். 1732இன் தொடக்கத்தில் அவருடைய ‘எஸ்தர்’ தனியார் கூட்டமொன்றில் அரச தேவாலயப் பாடகச் சிறுவர்களால் நடிக்கப்பட்டது. அதனைப் பொது நாடகசாலைக்குக் கொண்டுவர முயன்றபோது, இலண்டன் அத்தியட்சர் எட்மண்ட் கிப்சன் அச்சிறுவர்கள் அங்கே தோன்றுவதற்கு இணங்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் ‘எஸ்தர்’ நடிப்பின்றியே பாடப்பட்டது. அதுவே பின்னர் வழக்கமாயிற்று. எனினும், கேட்போருக்கு விற்கப்பட்ட பாடற் புத்தகங்களில் காட்சிப் பிரிவுகளும் மேடைக் குறிப்புகளும் அச்சாகி வந்தன. கண்ணுக்கு மறுக்கப்பட்ட நாடகம் கருத்திலே தொடர்ந்து நடந்தது.

‘தியடோரா’ 1750 மார்ச் 16ஆம் நாள் கொவன்ற் கார்டன் அரங்கில் முதன்முதலாகப் பாடப்பட்டது. பாடல்களை யாத்தவர் தோமஸ் மோரெல் என்னும் குருவானவர். கதை அந்தியோகியாவில் நிகழ்வது. பேரரசன் தயோக்கிலேசியனின் பிறந்தநாளன்று யாவரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிடல் வேண்டுமெனத் தேசாதிபதி வாலென்ஸ் ஆணையிடுகிறான். தியடோரா என்னும் கிறிஸ்தவக் கன்னி மறுக்கிறாள். அவளது கற்பைச் சூறையாடுதலே தண்டனையென விதிக்கப்படுகிறது. இரகசியமாகக் கிறிஸ்தவனான போர்வீரன் திதிமஸ் சிறைபுகுந்து, தன் உடையை அவளுக்கு அணிவித்துத் தப்புவிக்கிறான். அவனுக்கு மரண தண்டனை என்றறிந்ததும் அவள் திரும்பி வந்து தன்னுயிரைத் தருகிறாள். முடிவில் இருவருமே கொல்லப்படுகின்றனர்.

இலண்டன் மக்கள் இதனை விரும்பவில்லை. அந்நகரை அவ்வாண்டு பெப்ரவரியிலும் மார்ச்சிலும் நிலநடுக்கங்கள் உலுக்கியிருந்தன. கேட்போர் தொகையும் அருகியது. அப்பருவத்தில் மூன்று முறையும் 1755இல் ஒரு முறையுமே ஹாண்டெலின் வாழ்நாளில் அது பாடப்பட்டது. ஆயினும் அவர் அதனை மிக உயர்வாக மதித்தார். இரண்டாம் பாகத்தின் இறுதிக் குழுப்பாடலை ‘மெசையா’வின் புகழ்பெற்ற ‘அல்லேலூயா’வினும் மேலாகக் கருதினார் என மோரெல் குறித்து வைத்துள்ளார்.

1996இல் இங்கிலாந்தின் கிளைன்ட்போர்ன் இசைவிழாவில் அமெரிக்க நெறியாளர் பீற்றர் செலர்ஸ் இதனை நாடகமாக்கினார். வில்லியம் கிறிஸ்ரி இசையை நடத்தினார். தியடோராவாக டோன் அப்ஷோவும், தோழி ஐரீனாக லொறெய்ன் ஹன்றும் பாடினர். அந்தியோகியா இக்கால அமெரிக்காவாக மாறியது. இறுதிக் காட்சியில் இருவரும் கட்டில்களிலே பிணைக்கப்பட்டு, நச்சூசி ஏற்றப்பட்டு இறந்தனர். 1982இல் டெக்சாஸ் மாநிலத்தில் முதன்முதலாக நடைமுறைப்பட்ட மரண தண்டனை முறை அது. மரணக் கருவிகளின் நடுவே, ஹாண்டெல் எழுதிய அமைதியான இருவர் பாடல் ஒலித்தது.

இதற்குத் தடைகூறுவோரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒரட்டோரியோவின் இசை விரைந்து செல்லும் நாடக இசையன்று. தனிப்பாடல்கள் பலவற்றில் முதற்பகுதி மீண்டும் வரும். அவ்வேளையில் நடிகர் செய்தற்கு ஒன்றுமில்லை. அன்றியும், ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் அமைத்த அந்தியோகியாவை அழித்து, நெறியாளரின் ஒரே காட்சியை மேடை நிலைநாட்டிவிடுகிறது. முதற் குறையைச் செலர்ஸ் கைக்குறிகளால் நிரப்பினார். பாடற்குழுவினரும் தனிப்பாடகரும் சொற்பொருளை உடலசைவில் ஏந்தி நின்றபோது, மீண்டும் வரும் அடிகள் மன்றாட்டின் அழுத்தம் பெற்றன. இரண்டாவது இழப்புக்கு ஈடு முழுமையாக இல்லை. ஆயின் அதற்கு மாறாகக் கிடைத்த பேறு சிறிதன்று. நான்காம் நூற்றாண்டின் வேதசாட்சிகளுக்காக இரங்குவது எளிது. தம் காலத்து அரசு சட்டத்தின் பேரால் செய்யும் கொலையைக் கண்கொண்டு பார்ப்பதே அரிது.

2022இல், ஹாண்டெலின் அரங்கு இருந்த அதே இடத்தில் பின்னெழுந்த கொவன்ற் கார்டன் அரங்கு, கேற்றி மிச்செலின் நெறியாள்கையில் ‘தியடோரா’வை மேடையேற்றியது. கதை இக்காலத் தூதரகமொன்றில் நிகழ்வதாக அமைக்கப்பட்டது. ஆட்சியின் ஆணைக்கும் ஒருவரின் மனச்சாட்சிக்கும் இடையே எழும் போர் ஓய்ந்துவிடவில்லை. அது தொடரும் வரையில், ஒரு காலத்தில் வெற்றிருக்கைகளின் முன்னே ஒலித்த அவ்விசை தன் மேடையைத் தேடிக்கொண்டேயிருக்கும்.